கூட்டம் கூடினால் பெருக்கமா?

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. வழக்கு மன்றத்திற்கும் குடும்பத் தகராறுக்கும் மட்டுமே உரியது என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் இந்தப் பழமொழி, இயற்கையைப் பார்க்கும் நம் கண்களுக்கும் பொருந்தும். ஓர் உயிரினம் வழக்கத்திற்கு மாறாக அதிகமாகத் தென்பட்டால், "பெருகிவிட்டது" என்று ஒரே சொல்லில் முடிவு கட்டிவிடுகிறோம். பெருகியது நல்லதென்று சிலர் மகிழ்கிறார்கள். தொல்லையென்று சிலர் துப்பாக்கியைத் தேடுகிறார்கள். ஏன் கூடியது என்று கேட்பவர் மிகச் சிலரே. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் விளையும் கேடு சிறிதன்று என்பதே என் கருத்து. அதற்குச் சான்றாக, நம்மில் பெரும்பாலோர் பார்த்திராத ஒரு பறவையை இங்கே அழைத்து வருகிறேன்.

காக்கைக்கு ஓர் உறவு

ஐரோப்பாவின் காடுகளிலும் இங்கிலாந்தின் நாட்டுப்புறத் தோப்புகளிலும் வாழும் அப்பறவையின் பெயர் 'ஜே'. காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால், நிறத்தில் காக்கையோடு எந்த உறவும் இல்லை. இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு உடல், கறுத்த வால், பறக்கும்போது பளிச்சிடும் வெண்மையான பின்புறம், சிறகில் நீலமும் கறுப்பும் வரிவரியாக அமைந்த ஒரு சிறு பட்டை. உருவத்தில் ஏறக்குறைய ஒரு புறா அளவு. குரல் மட்டும் காக்கையின் உறவை மறைக்காது. துணியைக் கிழிப்பது போன்ற கரகரப்பு. இந்தியாவில் ஆங்கிலேயர்கள் நம் பனங்காடையை 'புளூ ஜே' என்று அழைத்தார்கள். அது நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். பனங்காடை மீன்கொத்தியின் உறவு. ஜே காக்கையின் உறவு. இரண்டையும் குழப்பிக் கொள்ள வேண்டியதில்லை.

ஜே கூச்சம் மிகுந்த பறவை. ஆண்டின் பெரும்பகுதி இலை மறைவிலேயே வாழும். குரலைக் கேட்கலாம், உருவத்தைக் காண்பது அரிது. ஆனால், இலையுதிர் காலம் வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஓக் மரத்தின் கொட்டைகள் முதிர்கின்றன. ஓக் என்பதைத் தமிழ் அகராதிகள் கருவாலி என்று குறிக்கும். அந்தக் கொட்டைதான் ஜே பறவையின் குளிர்கால அரிசி மூட்டை. ஒரு தடவைக்குப் பல கொட்டைகளைத் தொண்டைப் பையில் அடக்கி, இன்னும் ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு, திறந்த வெளிக்குப் பறந்து சென்று ஒவ்வொன்றாக மண்ணில் புதைக்கும். ஒரு பருவத்தில் ஒரு பறவை சில ஆயிரம் கொட்டைகளை, 5,000 வரைகூட, இவ்வாறு புதைத்து வைக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பனிக்காலத்தில் அவற்றைத் தோண்டித் தின்னும். தோண்டாமல் விட்டவை முளைத்து மரமாகும்.

இது வெறும் சுவையான செய்தியன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயர் வட்டாரத்தில் மாங்க்ஸ் வுட் என்னும் காடு உண்டு. அதை ஒட்டிய இரண்டு வயல்களை, ஒன்றை 1961ஆம் ஆண்டிலும் மற்றொன்றை 1996ஆம் ஆண்டிலும், உழாமல் நடாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டும் மரம் நிறைந்த நிலமாக மாறின. 2021இல் வெளிவந்த ஆய்வு, அங்கே வளர்ந்த மரங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஓக் மரங்கள் என்றும், அவற்றை விதைத்ததில் ஜே பறவைக்குப் பெரும் பங்கு உண்டு என்றும் காட்டியது. கனமான கொட்டை காற்றில் பறக்காது. தாய்மரத்தின் அடியிலேயே விழும். அதற்குச் சிறகு கொடுத்தது இப்பறவையே.

கூடியதற்கு மூன்று காரணங்கள்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஓர் ஆண்டு இலையுதிர் காலத்தில், நாட்டுப்புறத்தில் எங்கு பார்த்தாலும் ஜே பறவையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவர் என்ன முடிவுக்கு வரலாம்?

முதலாவது, பறவை கூடவே இல்லை. பார்வைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். இலைகள் உதிர்ந்து மறைவு குறைந்துவிட்டது. கொட்டை சுமந்துகொண்டு தோப்புக்கும் வயலுக்கும் இடையே நாள் முழுவதும் நடக்கும் போக்குவரத்து கண்ணில் படுகிறது. ஒரே பறவையை ஒருவர் பத்து முறை பார்த்துப் பத்துப் பறவை என்று எண்ணிவிடலாம்.

இரண்டாவது, உண்மையிலேயே கூடியிருக்கலாம். முந்தைய ஆண்டு கொட்டை அமோகமாக விளைந்திருந்தால், குளிரைத் தாண்டிப் பிழைத்த பறவைகள் அதிகமாக இருக்கும். அவை குஞ்சு பொரித்துத் தொகையைக் கூட்டியிருக்கும்.

மூன்றாவதுதான் நாம் எளிதில் நினைத்துப் பாராதது. கொட்டை விளையாமல் போயிருக்கலாம். ஓக் மரம் ஆண்டுதோறும் ஒரே அளவாகக் காய்ப்பதில்லை. ஓர் ஆண்டு கொட்டிக் கொடுக்கும். மறு ஆண்டு கையை விரித்துவிடும். அதிலும் ஒரு பெரும் வட்டாரத்தின் மரங்களெல்லாம் பேசி வைத்தாற்போல ஒன்றாகக் காய்த்து ஒன்றாக ஓயும். அவ்வாறு ஓய்ந்த ஆண்டில் உணவு தேடி ஜே பறவைகள் கூட்டங் கூட்டமாகச் சொந்த இடத்தை விட்டுக் கிளம்புகின்றன. வழக்கமாக ஒன்றும் இரண்டுமாகத் திரியும் பறவையை மக்கள் கூட்டமாகப் பார்க்கிறார்கள். பார்த்தவர்க்கு அது பெருக்கம். பறவைக்கு அது பஞ்சம்.

1983ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நடந்தது இதுதான். பிரிட்டனின் தெற்குப் பகுதிகளிலும் கடற்கரைகளிலும் அதுவரை காணாத அளவில் ஜே கூட்டங்கள் நகர்ந்தன. ஜான், ராஸ்கெல் என்னும் இருவர் பல மாவட்டங்களிலிருந்து வந்த குறிப்புகளைத் திரட்டி, 1985இல் 'பிரிட்டிஷ் பேர்ட்ஸ்' இதழில் விரிவாக எழுதினர். அந்த ஆண்டு ஓக் கொட்டை பொய்த்ததே அப்பெயர்ச்சிக்கு முதன்மைக் காரணம் என்பது அவர்கள் கண்ட முடிவு. உள்நாட்டுப் பறவைகளும் ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து கடல் தாண்டி வந்தவையும் அக்கூட்டங்களில் கலந்திருந்தன. ஜே கடலைக் கடக்கத் தயங்கும் பறவை. கரை வரை வந்து திரும்பிவிடும் கூட்டங்களும் உண்டு. அப்படிப்பட்ட பறவை கடலைத் தாண்டுகிறது என்றால், பின்னால் விட்டு வந்த இடத்தின் வறுமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த மூன்று காரணங்களும் தனித்தனியே நில்லாமல், ஒன்றோடொன்று சேர்வதும் உண்டு. நல்ல விளைச்சலால் தொகை பெருகிய மறு ஆண்டே விளைச்சல் பொய்த்தால், வாய்கள் அதிகம், உணவு இல்லை என்றாகிறது. பெரும் பெயர்ச்சிகள் அத்தகைய ஆண்டுகளில்தான் நிகழ்கின்றன. ஆக, ஒரே காட்சி செழிப்பையும் குறிக்கலாம், பட்டினியையும் குறிக்கலாம். கண் மட்டும் இதைப் பிரித்துச் சொல்லாது.

தவறாகப் படித்தால் என்ன ஆகும்?

"பறவை கூடினால் என்ன, குறைந்தால் என்ன, நமக்கு வேறு வேலை இல்லையா?" என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். எண்ணிக்கையைத் தவறாகப் படிப்பவர்கள் கையில் அதிகாரமும் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜே பறவையின் வரலாறே விடை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனின் பெருநிலக்கிழார்கள் வேட்டைக்காக ஃபெசண்ட் கோழிகளை வளர்த்தார்கள். பிற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்னும் பழக்கம் ஜே பறவைக்கு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆகவே, வேட்டைக் காவலர்களின் துப்பாக்கிக்கு அது இரையானது. சிறகின் நீல இறகுகள் தூண்டில் ஈக்கள் செய்யப் பயன்பட்டன. முட்டை தின்றதற்குத் தண்டனை உண்டு; ஓக் மரம் நட்டதற்குக் கூலி இல்லை. கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் தீர்ப்பு இப்படித்தான் அமையும்.

நம் நாட்டுக்கு வருவோம். வீடமைப்புப் பகுதிகளில் நெடுவால் குரங்குகள் கூட்டமாகத் திரிகின்றன. குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கின்றன. சமையலறைக்குள் புகுந்து ரொட்டியைத் தூக்கிச் செல்கின்றன. "குரங்கு பெருகிவிட்டது, பிடித்துக் கொண்டு போங்கள்" என்ற குரல் எல்லா ஊரிலும் கேட்கிறது. அதே குரங்கினத்தை அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022ஆம் ஆண்டில் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் வரிசையில் சேர்த்தது. அம்முடிவை மறுக்கும் அறிவியலாளரும் உண்டு. ஆயினும், வாசலில் தினமும் காணும் ஒரு விலங்கு ஆபத்தில் இருக்கிறதா இல்லையா என்று அறிஞர்களே வழக்காடும் நிலை எதைக் காட்டுகிறது? வாசலில் காண்பது கணக்கெடுப்பு ஆகாது என்பதைக் காட்டுகிறது. காடு இருந்த இடத்தில் வீடு வந்தது. குரங்கு நம் வீட்டுக்கு வந்ததா, நாம் அதன் வீட்டுக்குச் சென்றோமா என்பதையும் விசாரித்த பிறகே தீர்ப்பு எழுத வேண்டும்.

ஜே பறவையின் உறவினரான காக்கை இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், காப்பித் தோட்டத்துப் புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டு வரப்பட்டது நம் வீட்டுக் காக்கை. காப்பித் தோட்டம் போய்விட்டது, காக்கை போகவில்லை. அது பருவத்தோடு வந்து போகும் கூட்டமன்று. நாம் கொட்டும் குப்பையை உண்டு நிலைத்துவிட்ட பெருக்கம். காக்கைகளைச் சுடுவதற்குப் போட்டிகளே நடத்தினார்கள். குப்பை குறையாதவரை சுட்டுத் தீர்வதில்லை. ஆக, பஞ்சத்தால் வந்த கூட்டத்திற்கு மருந்து வேறு. குப்பையால் வந்த கூட்டத்திற்கு மருந்து வேறு. இரண்டையும் "பெருகிவிட்டது" என்ற ஒரே சொல்லால் குறித்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே துப்பாக்கியை நீட்டுவது அறிவுடைமை ஆகாது.

நம் காடும் அப்படித்தான்

ஓராண்டு கொட்டி, ஓராண்டு ஓயும் இயல்பு ஓக் மரத்துக்கு மட்டும் உரியதன்று. நம் மழைக்காட்டின் பெருமரங்களான மெரந்தி இனங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒழுங்கற்ற இடைவெளியில், பல்வேறு இனங்கள் ஒரே பருவத்தில் பூத்துக் காய்க்கின்றன. எல் நினோ எனப்படும் பருவநிலை மாற்றத்தோடு இது தொடர்புடையது. ஆஷ்டன், கிவ்னிஷ், அப்பானா ஆகிய மூவர் 1988இல் எழுதிய கட்டுரை, தொடர்ந்து சில இரவுகள் வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் குறைவதே இப்பூப்பைத் தூண்டுகிறது என்ற கருத்தை முன்வைத்தது. இவர்களுள் அப்பானா, கெப்போங்கிலுள்ள வன ஆய்வுக் கழகத்தில் பணியாற்றியவர். நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில், மிகச் சிறிய இலைப்பேன் பூச்சிகள் பூப்பின்போது மளமளவெனப் பெருகி அம்மரங்களின் மகரந்தத்தைச் சுமக்கின்றன என்று ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர். நம் நாட்டுக் காட்டின் நாடியைப் பிடித்துப் பார்த்த அப்பெயர், நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

போர்னியோவின் தாடிப் பன்றிகள் அக்காய்ப்பைத் தொடர்ந்து பெருங்கூட்டமாக இடம்பெயரும். அவற்றைக் கண்டவர்கள் இதற்கு அழிவே இல்லை என்றுதான் எண்ணியிருப்பார்கள். 2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் சபாவில் பரவியபோது, காட்டில் பன்றிகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. கூட்டத்தின் பெருமை நாளைக்கு உத்தரவாதம் தருவதில்லை.

மனிதருக்கும் இந்தக் கணக்கு உண்டு

இவ்வளவு தூரம் படித்த வாசகர்க்கு, தமிழ்ப் பேரவை மலரில் இந்தப் பறவைக் கதை எதற்கு என்ற ஐயம் எழலாம். எண்ணிக்கையைத் தவறாகப் படிக்கும் பழக்கம் நம் சமூகத்தையும் காயப்படுத்தியிருக்கிறது என்பதால்தான் சொல்கிறேன்.

1980களிலும் 1990களிலும் ரப்பர்த் தோட்டங்கள் பல, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறின. பால்மரத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பட்டணத்தின் ஓரங்களுக்கு வந்து சேர்ந்தன. புறம்போக்குக் குடிசைகளிலும் நெரிசலான அடுக்குமாடிகளிலும் நம்மவர் கூட்டமாகத் தெரிந்தனர். "இவர்கள் பெருகிவிட்டார்கள், தொல்லையும் பெருகிவிட்டது" என்று பேசியவர்கள் உண்டு. எந்தத் தோட்டம் மூடப்பட்டது, எந்த லயம் இடிக்கப்பட்டது, எத்தனை பேருக்கு மாற்று வீடு கிடைத்தது என்று கேட்டவர்கள் குறைவு. அவர்கள் பெருகி வந்தவர்கள் அல்லர். பிழைக்க இடமில்லாமல் பெயர்ந்து வந்தவர்கள். பெயர்ச்சியைப் பெருக்கம் என்று பெயரிட்டதால், வீடும் வேலையும் தந்து தீர்க்க வேண்டிய ஒன்று காவல் துறையின் சிக்கலாகப் பார்க்கப்பட்டது.

நாமும் இத்தவற்றைச் செய்கிறோம். ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு மாணவர் தொகை திடீரென்று கூடினால் கைதட்டி மகிழ்கிறோம். மகிழ்ச்சிதான். ஆனால், பக்கத்துத் தோட்டம் காலியாகி அங்குள்ள சிறு பள்ளி தேய்ந்ததால் இங்கு கூடியதா, புதிதாகப் பெற்றோர் தமிழ்ப்பள்ளியை நாடியதால் கூடியதா என்று கேட்க வேண்டாமா? முதலாவது வெறும் இடமாற்றம், இரண்டாவதே வளர்ச்சி. நம் பல்கலைக்கழகத் தமிழ் விழாக்களையே எடுத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு அரங்கம் பாதி, இந்த ஆண்டு அரங்கம் நிறைவு என்று அறிக்கை எழுதுகிறோம். தமிழுக்கு வந்த கூட்டமா, திரைக் கலைஞருக்கு வந்த கூட்டமா, நாசி லெமாக் பொட்டலத்திற்கு வந்த கூட்டமா என்பதை அறிக்கை சொல்வதில்லை. கொட்டை இருக்கும் வரையில் ஜே இருக்கும்!

குறிப்பேடே மருந்து

சரி, பெருக்கத்தையும் பெயர்ச்சியையும் எப்படிப் பிரித்தறிவது? வழி மிக எளிது, பொறுமைதான் வேண்டும். கூடியது என்று சொல்ல வேண்டுமானால், வழக்கமாக எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டும். வழக்கத்தை அறிய, ஒன்றும் நடக்காத ஆண்டுகளிலும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

சுவீடன் நாட்டின் தென்மேற்கு முனையில் ஃபால்ஸ்டெர்போ என்னும் இடத்தில், 1973 முதல் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கடந்து செல்லும் பறவைகளை ஒரே முறையில் எண்ணி வருகிறார்கள். சில ஆண்டுகளில் ஜே ஏறத்தாழ இல்லவே இல்லை. சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில். ஒன்றுமில்லாத ஆண்டையும் ஒருவர் குளிரில் நின்று எழுதி வைத்ததால்தான், ஆயிரம் வந்த ஆண்டுக்குப் பொருள் கிடைத்தது. பிரிட்டனில் 1994 முதல் நடக்கும் இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் நடைபெறுகிறது. இலையுதிர் கால அலையைக் கண்டு ஏமாறாமல், கூடு கட்டும் பறவைகளை மட்டும் கணக்கில் கொள்ள அது உதவுகிறது. எண்ணுபவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். ஆசிரியர்கள், எழுத்தர்கள், ஓய்வு பெற்றவர்கள் போன்ற சாதாரண மக்கள்.

நம் பக்கத்திலும் முயற்சிகள் உண்டு. 1940இல் தொடங்கிய இயற்கைக் கழகம் இன்றும் மலேசியாவில் செயல்படுகிறது. போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவானில், மார்ச் மாதத்தில் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் தேன் பருந்துகளை ஆர்வலர்கள் எண்ணுகிறார்கள். தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உழவர் திருநாளைக் கொண்டாட இதைவிட நல்ல வழி உண்டோ? ஆனால், நம் நாட்டில் இத்தகைய குழுக்களில் தமிழ் மாணவர்களைக் காண்பது அரிதாகவே இருக்கிறது.

"இது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. விடிவதற்கு முன்பே பால்மரக் காட்டுக்குள் நடந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். மரம் எப்போது இலையுதிர்க்கும், விதை எப்போது வெடிக்கும், எந்தக் குருவி கத்தினால் மழை, காட்டுப்பன்றி எந்த மாதத்தில் இறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மழை பெய்தால் அன்றைய பால் வெட்டு இல்லை. ஆகவே வானத்தையும் மரத்தையும் படிப்பது அவர்களுக்குப் பிழைப்பு. அந்த அறிவில் பெரும்பகுதி எழுதப்படாமலே அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. பட்டம் பெற்ற நமக்கு எழுதத் தெரியும், பார்க்கத் தெரியவில்லை. பட்டம் பெறாத அவர்களுக்குப் பார்க்கத் தெரிந்தது, எழுத வாய்ப்பில்லை. இந்த இரண்டையும் இணைக்கும் கடமை யாருடையது?

ஆகவே, ஒரு சிறு வேண்டுகோள். ஒவ்வொரு பல்கலைக்கழகத் தமிழ் அமைப்பும் தன் ஆண்டு மலரில் இரண்டு பக்கங்களை ஒதுக்கட்டும். வளாகத்தில் அங்சானா மரம் எந்த நாளில் பூத்தது, தகைவிலான் குருவி எந்த வாரத்தில் வந்து மின்கம்பியில் அமர்ந்தது, எப்போது திரும்பியது, குரங்குக் கூட்டம் விடுதிப் பக்கம் எந்த மாதத்தில் வந்தது, அப்போது காட்டோரத்தில் என்ன காய்த்தது அல்லது எது வெட்டப்பட்டது என்று தமிழில் எழுதி வைக்கட்டும். வந்ததை மட்டுமன்று, வராததையும் எழுதட்டும். விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு மாலை உட்கார்ந்து, தோட்டத்துப் பருவங்களைக் கேட்டுக் குறித்து வரட்டும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம். பத்தாண்டுகள் தொடர்ந்தால், எந்த ஆய்வாளரும் தேடி வந்து கேட்கும் ஆவணம் நம் மொழியில் இருக்கும். முன்னாள் மாணவர்களும் இதில் பங்கு கொள்ளலாம்; மாணவர்கள் மூன்றாண்டில் மாறிவிடுவார்கள், தொடர்ச்சியைக் காக்க அவர்களால்தான் முடியும்.

கூட்டத்தைக் கண்டு மகிழவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். எங்கிருந்து வந்தது, எதைத் தேடி வந்தது, வழக்கமாக எவ்வளவு இருந்தது என்ற மூன்று கேள்விகளை முதலில் கேட்போம். பறவையைப் பற்றிக் கேட்கப் பழகிய சமூகம், மனிதரைப் பற்றியும் கேட்கக் கற்றுக்கொள்ளும். பட்டினியோடு வந்தவரைப் பெருகி வந்தவர் என்று ஏசாத சமூகமாக நாம் இருப்பதற்கு அந்தப் பழக்கம் துணை நிற்கும்.